காவல் மாத்திரை

காலை நாலரைக்கு எழுந்ததும் திரேசா கைவைக்கிற முதல் சாமான் மாத்திரை டப்பாதான். அடுப்பெல்லாம் அதற்குப் பிறகு. சீனி வருத்தத்துக்கு ஒன்று, பிரசருக்கு அரை, கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று. கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் காவலாக, சப்பித் தின்கிற வயித்தெரிச்சல் மாத்திரை ஒன்று. அத்தனையையும் உள்ளங்கையில் குவித்துக்கொண்டு, மற்றக் கையில் பால்மா கரைத்த கிளாஸோடு புருசனின் தலைமாட்டில் போய் நிற்பாள். இருதயராஜ் கண்ணைத் திறக்காமலே வாயைத் திறப்பார். விழுங்க வேண்டியதை விழுங்கி, சப்ப வேண்டியதைச் சப்பி, பாலைக் குடித்து முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள்.

இந்தக் காவல் முறையைத் திரேசா கண்டுபிடிக்கவில்லை. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் எந்த லய வீட்டு வரிசையில் போய்க் கேட்டாலும் இதே கதைதான். பால் வெட்டுகிறவர்களின் வயிறு அப்படி. விடியுமுன் ஒரு கோப்பை பால் இல்லாத தேயிலைச் சாயம், அதற்கு மேல் ஒரு வாய் வெற்றிலை, பால் நிறுத்து முடிகிற பன்னிரண்டு மணிவரை வேறொன்றும் உள்ளே போகாது. இருபது, முப்பது வருசம் இப்படி ஓட்டிய வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதனால் ஆஸ்பத்திரி மாத்திரை எதுவானாலும் அது சூடு. அதோடு ஒரு காவலையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். அந்தக் காவல் மாத்திரையை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. உப்பு, மிளகாய், தேயிலைத்தூளோடு அதுவும் வீட்டுச் சாமான். திரேசாவின் ஒற்றையறைக் காம்பராவில் அது உப்புச் சாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

புண் வந்த கதை சின்னக் கதை. மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டை ஒன்று உடைந்து புல்லுக்குள் கிடந்திருக்கிறது. இருதயராஜ் அதை மிதித்துவிட்டார். செருப்பையும் கிழித்துக்கொண்டு சில்லு வலது பெருவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. சீனி வருத்தக்காரர், காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. மூன்று நாள் துணியைச் சுற்றிக்கொண்டு மலையில் வேலைக்கு நின்றார். நாலாம் நாள் வீட்டுக்குள் நாற்றம் வந்தபோதுதான் திரேசாவுக்கே தெரிந்தது. அன்றைக்கு அவள் பேசிய பேச்சு ஆறாவது காம்பராவரைக்கும் கேட்டது.

அதன் பிறகு இருபது நாளாகிவிட்டது. முதலில் ஒரு வாரத்துக்கு மருந்து தந்தார்கள், ஆறவில்லை. பிறகு அதைவிடக் கடுமையான மருந்து தந்தார்கள், அதற்கும் ஆறவில்லை. விரல் கறுத்துச் சிவந்து, வீக்கம் பாதத்தின் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விடிய எழும்பி மலைக்குப் போவதும், பகலில் வந்து புண் கழுவுவதும், பின்னேரம் சமைப்பதுமாகத் திரேசா தேய்ந்துபோனாள். உடம்பு அலுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செய்கிறதெல்லாம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்கிற அலுப்பை அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக். இளவயசு டொக்டர். அவருக்கும் தூக்கம் போதாது என்பது கண்ணிலேயே தெரிந்தது. விரலை அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார், கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"மருந்து ஒழுங்காக் குடிக்கிறாரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

திரேசாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. "ஒரு நேரங்கூடத் தவறல மஹத்தயா. நான் பக்கத்துல நின்னு குடுக்கிறேன்" என்றாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

"இந்தக் கொப்பியில இருக்கிறதைத் தவிர வேற மருந்து ஏதும் எடுக்கிறாரா?"

"நே மஹத்தயா, இல்ல."

யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

டொக்டர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். பாதத்தின் மேல் வீக்கம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தோடு ஒரு கோடு இழுத்தார். சட்டைக்கு அளவு குறிக்கிற தையல்காரன் மாதிரி நிதானமாக இழுத்தார்.

"செவ்வாய்க்கிழமை வாங்க. வீக்கம் இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கியிருக்கணும். இறங்காம இங்கேயே நின்னா பெருவிரலை எடுக்க வேண்டி வரும். கோட்டைத் தாண்டி மேல ஏறினா, இல்ல காய்ச்சல் வந்தா, செவ்வாய் வரைக்கும் நிக்கக் கூடாது. அன்னைக்கே வந்துரணும். கோட்டை அழிச்சிராதீங்க."

 இருதயராஜ் மனுசியின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் குதிகாலால் நடந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"பெருவிரல் இல்லாம சரிவுல எப்படிக் கால ஊனுறது?"

"அதெல்லாம் எறங்கிரும்."

"இருபது நாளா எறங்காததா நாலு நாளுல எறங்கப்போகுது?"

 மலையில் பால் வெட்டுகிறவனுக்குக் கத்தி பிடிக்கிற கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மண்ணைப் பிடிக்கிற அந்த விரல். அது இல்லாதவன் மழை ஈரத்தில் ஒரு மர நிரை ஏறி இறங்க முடியாது. முப்பத்தைந்து வருசமாக மலையைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுசனைக் காம்பராவுக்குள் உட்காரவைத்தால் என்ன ஆவார் என்பது அவளுக்குத் தெரியும். இந்த இருபது நாளிலேயே பாதி ஆளாகிவிட்டார்.

தெஹியோவிட்டவில் இறங்கி மாறிய தோட்டத்து பஸ் புறப்பட இருபது நிமிசம் இருந்தது. அவரைச் சீட்டில் காலைத் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, திரேசா எதிரில் இருந்த பார்மசிக்கு ஓடினாள். காவல் மாத்திரை முடிந்துவிட்டிருந்தது.

பார்மசியில் ஹபீஸா மிஸ் நின்றார். ஐம்பது வயசிருக்கும், மருந்து படித்தவர், டவுனில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் எல்லாருடைய வருத்தமும் தெரியும்.

"ரெண்டு கார்ட் தாங்க மிஸ், வயித்தெரிச்சலுக்குச் சப்புறது."

"போன கெழமதானே ரெண்டு கார்ட் கொண்டு போனீங்க? லயத்துல எல்லாருக்கும் பங்கு வைக்கிறீங்களா?"

"அவருக்குத்தான் மிஸ். இப்பக் குடுத்திருக்கிற புண்ணு மாத்திரை ரொம்ப சூடு. அதான் ஒண்ணு போதாதுன்னு சில நேரம் ரெண்டாக் குடுக்கிறேன்."

"எப்பக் குடுக்கிறீங்க?"

"அதோடதான். ஒண்ணாத்தான்."

மாத்திரைக் கார்டை எடுக்கப்போன ஹபீஸாவின் கை அப்படியே நின்றது. "அந்த ஆஸ்பத்திரிக் கவரைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு கவரைக் கவுண்டரில் வைத்து அதன் மேல் கையை வைத்தார்.

"திரேசா, இது குடல் வழியா ரத்தத்துல ஏறினாத்தான் காலுக்குப் போவும். நீங்க சேத்துக் குடுக்கிற அந்தக் குளிசை வயித்துக்குள்ளயே இதப் புடிச்சி வெச்சிக்கும். ரெண்டும் ஒண்டா வெளிய போயிரும். காலுக்குப் போறது ஒண்டுமில்ல, போனாலும் துளிதான். எதுல குடிக்கக் குடுக்கிறீங்க, தண்ணியிலயா?"

"பால்மா கரைச்சு... சத்தா இருக்கட்டுமேன்னு."

"அல்லாஹ்வே. பாலும் இதோட ஆகாது."

திரேசா கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால்மா அவள் வீட்டில் அவளுக்கில்லை. சாயத்தைக் குடித்துவிட்டு மலைக்குப் போய், அந்தப் பாலை அவருக்கென்று ஒதுக்கி வைத்தவள் அவள். முதலில் அவளுக்கு ஹபீஸா மேல்தான் ஆத்திரம் வந்தது. இவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"டொக்டர் கேட்டாரு மிஸ். இன்னைக்கும் கேட்டாரு, வேற மருந்து ஏதும் உண்டான்னு. நான் இல்லன்னுட்டேன்."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"இது மருந்தா மிஸ்?"

 ஹபீஸா ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சொன்னார். "விடிய அஞ்சு மணிக்குப் பெரிய குளிசை. தண்ணியில மட்டும். எரிச்சலுக்குச் சப்புறது ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான், அதுக்கு முந்திக் கேட்டாலும் குடுக்கப்படாது. பகல் பன்னெண்டுக்குப் பொறகு அதைத் தொடவே வேணாம். ஏனெண்டா, அடுத்த பெரிய குளிசைக்கு ஆறு மணித்தியாலம் முந்தியே அது வயித்த விட்டுப் போயிரணும். பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பப் பெரியது. எட்டு மணிக்குச் சப்புறது. பாலை மத்தியானச் சோத்துக்குப் பொறகு குடுங்க. செவ்வாய்க்கிழமை டொக்டர்கிட்ட நடந்ததை அப்பிடியே சொல்லிருங்க. அவருக்குத் தெரியணும். இல்லாட்டி மருந்து வேலை செய்யலண்டு நெனச்சி வெட்டிருவாரு."

"இதெல்லாம் என்னாலதானா மிஸ்?"

"சீனி இருக்கு, லேட்டாக் காட்டினாரு. எல்லாம் சேந்துதான்" என்றார் ஹபீஸா. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்பது திரேசாவுக்கு விளங்கியது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அழுவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும், அதுவும் இல்லை. கார்டுகளையும் தாளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு, பெரிய மாத்திரையை மட்டும் தண்ணீரோடு நீட்டினாள். இருதயராஜ் விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

"அது எட்டு மணிக்குத்தான்."

"எது?"

"எரிச்சலுக்குச் சப்புறது. ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் குடுக்கணுமாம். பார்மசி மிஸ் சொன்னாங்க."

"இம்புட்டு நாளா ஒண்ணாத்தான குடுத்த? இன்னைக்கு என்னா புதுச் சட்டம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் வந்து நின்றது. இருபது நாளா நான்தாங்க ஒங்க மருந்தை வயித்துக்குள்ளயே கட்டிப் போட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் அடிக்கிற ஆளில்லை, பெரிதாகக் கத்துகிற ஆளுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காலைப் பார்க்கிற ஒவ்வொரு நேரமும் அவள் கையையும் ஒரு பார்வை பார்ப்பாரே, அதை அவளால் தாங்க முடியாது.

"அப்படித்தானாம்" என்றாள்.

அரை மணித்தியாலத்தில் எரிச்சல் தொடங்கிவிட்டது. அவர் நெஞ்சைத் தடவினார். எழுந்து உட்கார்ந்தார், திரும்பப் படுத்தார். வெறுந்தண்ணீர் குடித்தார். காவல் மாத்திரை இல்லாத மாத்திரை வயிற்றில் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. ஏழு மணிக்குக் கேட்டார். ஏழேகாலுக்குக் கெஞ்சினார்.

"கையில வச்சிக்கிட்டே குடுக்க மாட்டேங்கிறியே. நீயெல்லாம் ஒரு மனுசியா?"

திரேசா கார்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒனக்குப் பாரமாயிட்டேன். அதைச் சொல்லிரு. சுத்தி வளைக்காத."

அது நெஞ்சில் தைத்தது. தைத்தும் அவள் எழும்பவில்லை. போன் மணி எட்டைக் காட்டியதும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து தின்றாள்.

ஹபீஸா எழுதிய தாளை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. திரேசாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் வாய்விட்டு. இருதயராஜ் வேதக் கோவிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்கிறவர். கண்ணில் பட்டால் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். அதன் கடைசி வரியில் "இவ்வளவு நாளும் ஒன்றாகக் கொடுத்ததை டொக்டரிடம் சொல்லவும்" என்று வேறு இருந்தது. மணிக்கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால் தாளை மடித்து, தான் ஒருநாளும் திறக்காத ஒரு புத்தகத்துக்குள் வைத்தாள். அவளுக்குப் பத்திரமாகத் தோன்றிய இடம் அது.

சனிக்கிழமை காலையில் கஷ்டம் இன்னும் கூடியது. ஐந்து மணிக்குப் பெரிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். ஏழு மணிக்குச் சப்புவதை யார் கொடுப்பது? கார்டை அவரிடமே விட்டுப் போனால் அவள் வாசல் தாண்டுமுன் நாலு மாத்திரை உள்ளே போயிருக்கும். பக்கத்துக் காம்பரா சசியிடம் சொல்லலாம். ஆனால் சசியிடம் சொன்னால் பால் நிறுக்குமுன் முழுத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். கடைசியில் கார்டை வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டுக்குள் வந்து கொடுத்துக்கொள்ளலாம்.

சொல்வதற்கு அது சுலபம். ஏழு மணிக்கு வெயில் மரங்களுக்கிடையில் இறங்கியபோது அவள் நாற்பதாவது மரத்தில் நின்றாள். கத்தி பட்டையில் போய்க்கொண்டிருந்தது, மனசு காம்பராவில் இருந்தது. இப்போது நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். இப்போது என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒரு மரத்தில் வெட்டு ஆழமாக விழுந்துவிட்டது. கங்காணி பார்த்துவிட்டு, "என்னா திரேசா, மரத்துக்கும் காயம் போடுறியா?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பாள். அன்றைக்கு அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கிற ஸ்டோருக்கு மற்றவர்களுக்கு முந்தியே ஓடினாள்.

பன்னிரண்டு அடிக்குமுன் வந்து மாத்திரையைக் கொடுத்தாள். புண்ணைக் கழுவினாள். நீலக் கோட்டில் தண்ணீர் படாமல் சுற்றித் துடைத்தாள். வீக்கம் கோட்டோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றது. மேலே ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளும் அவர்கள் பேசியது மாத்திரை, தண்ணீர், சோறு என்கிற மூன்று சொல்லைத்தான்.

ஞாயிறு பகல் பார்த்தபோது கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பினால் செவ்வாய்க்கிழமை தாங்க முடியாது என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மலையில் இரட்டை வேலை. போன கிழமை மழைக்கு விட்டுப்போன வெட்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பெரிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏழு மணியைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

திடுக்கிட்டு விழித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. கை விரிந்து கிடந்தது. கார்ட் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. இருதயராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"மணி எட்டேகால்" என்றார். "இப்பக் குடு."

கை எட்டுகிற தூரம்தான். குனிந்து எடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

"எடுத்துத் தின்னிருக்கலாமே" என்றாள்.

"தின்னிருக்கலாம்தான்."

 அவர் மாத்திரையைச் சப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இரண்டரை மணித்தியாலம் திரேசா ஒரே விசயத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள், சிங்களத்தில். நான்தான் குடுத்தேன் மஹத்தயா. தெரியாமக் குடுத்தேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான். சொல்லாவிட்டால் விரல் போகும், சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். விரல் போவதைவிட அது பரவாயில்லை என்று ஒருவழியாக மனசைக் கட்டியிருந்தாள்.

அதே டொக்டர். கட்டைப் பிரித்தார். பாதத்தைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார், திரும்பவும் பாதத்தைப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வீக்கம் வடிந்திருந்தது.

"இருபது நாளா அசையாதது நாலு நாளுல இறங்கியிருக்கு. என்ன செஞ்சீங்க?"

திரேசா வாயைத் திறந்தாள்.  "மஹத்தயா, நான்..."

"நான்தான் மஹத்தயா" என்றார் இருதயராஜ்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து, தெளிவான சிங்களத்தில், வாசகம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். "வயித்தெரிச்சலுக்குச் சப்புற மாத்திரையை ஒங்க மாத்திரையோட சேத்தே தின்னுக்கிட்டு இருந்தேன். பாலுலதான் குடிச்சேன். இவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கெழமதான் கண்டுபுடிச்சா. அதுலருந்து ரெண்டு மணித்தியாலம் தள்ளித்தான் குடுக்கிறா."

டொக்டர் பேனாவை மேசையில் போட்டார். பிறகு நல்ல திட்டு. சின்னப்பிள்ளையா நீங்க, ரெண்டு வகை மருந்து குடுத்தேன், விரலை வெட்டுறதுக்கு நாள் குறிச்சேன், இந்த அம்மா பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துக் குடுத்தும் நீங்க இப்படிச் செஞ்சிருக்கீங்களே என்று, வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினார். இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "சமாவென்ன மஹத்தயா" என்று மன்னிப்புக் கேட்டார். இரண்டு தரம் கேட்டார்.  திரேசா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கோபம் அடங்கியதும் டொக்டர் கொப்பியில் சிவப்பில் எழுதினார். "விரல் இருக்கட்டும். இன்னும் பத்து நாள் மருந்து. இப்பச் செய்ற மாதிரியே செய்யணும். இனிமே ஏதாவது தின்னா, அது மிட்டாயா இருந்தாலும் எனக்குச் சொல்லணும்."

மருந்து கொடுக்கிற இடத்துக்கு வெளியே ஒரு சீமெந்து பெஞ்ச் இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். 

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே? அத்தன பேருக்கு முன்னால ஒன்னத் திட்டுறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எனக்குத் திட்டுப் பழக்கம். கங்காணிமாருகிட்ட வாங்காததா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒளிச்சு வைக்கிறவ பாத்து ஒளிச்சு வைக்கணும். என்னோட செபப் புத்தகத்துக்குள்ளயா வைப்ப? நேத்து நீ தூங்கிட்ட. வயிறு எரிஞ்சிச்சு. ஒரு செபமாவது சொல்லலாம்னு எடுத்தேன். தொறந்தா பார்மசி மிஸ்ஸோட எழுத்து." சிரித்தார். இருபது நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்க்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்து நின்றதெல்லாம் வந்தது. வரிசையில் நின்ற ஒரு சிங்களத்து அம்மா, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"நான்தாங்க. என் கையாலதான்" என்றாள்.

"ஓங் கைதான். தெரியும். நீ சாயத்தக் குடிச்சிட்டு எனக்குப் பால ஊத்தினதும் ஓங் கைதான்" என்றார் இருதயராஜ். "பாரமாயிட்டேன்னு சொன்னேன்ல. அத மறந்துரு."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலரை. அடுப்பு, தண்ணீர், உடுப்பு என்று ஓடி முடிக்கும்போது ஆறு மணியாகிவிட்டது. அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அலுப்பில் மனசு எங்கேயோ இருந்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. சீனிக்கு ஒன்று, புண்ணுக்குப் பெரியது ஒன்று, உப்புச் சாடிக்குப் பக்கத்திலிருந்து காவல் ஒன்று. உள்ளங்கையில் குவித்துக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றாள்.

இருதயராஜ் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்து, காவல் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பொறுக்கி எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார். அப்போதுதான் திரேசா தன் கையைப் பார்த்தாள். 

அவர் அவள் விரல்களை அந்த மாத்திரையின் மேல் ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"போய்ப் படு" என்றார். "எட்டு மணிக்கு நான் எழுப்புறேன்."

திரேசா மாத்திரையைக் கைக்குள் மூடியபடியே பாயில் சாய்ந்தாள். அவர் போனை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மணி பார்க்கத் தொடங்கினார்.